பழைய மோட்டாருக்குப் புதிய முகம்

மேஜை இழுப்பறையில் பொருத்துகிற குமிழ்களைக் கடையில் டஜன் கணக்கில் வாங்கி, அவற்றைத் தன் மோட்டார் வண்டியின் முகத்தில் வரிசை வரிசையாகப் பதித்துக்கொண்டு வீதியிலே பவனி வருகிற வாலிபனைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? "பையனுக்குக் கிரகம் சரியில்லை" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். ஆனால் அமெரிக்க தேசத்தில், சென்ற நூற்றாண்டின் நடுவில், அத்தகைய வண்டிகளைக் கண்காட்சிகளில் நிறுத்தி, ஜனங்கள் டிக்கட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அந்த விந்தையின் பூர்வோத்தரத்தைச் சற்றே விசாரிப்போம்.

போர்டு கம்பெனியார் 1908 முதல் 1927 வரையில் தங்கள் 'மாடல் டி' வண்டியை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளினார்கள். பிறகு 'மாடல் ஏ' வந்தது. 1932-ஆம் வருஷத்தில், எட்டு சிலிண்டர் கொண்ட 'வி-8' யந்திரத்தை, சாமானியனும் வாங்கக்கூடிய வண்டியிலே முதன்முதலாக வைத்துக் கொடுத்தார்கள். புது வண்டிகள் வரவர, பழையவை கழிவு வண்டிக் கிடங்குகளில் வந்து குவிந்தன. காலிபோர்னியாவில் வாலிபர்கள் சொற்பக் காசுக்கு அவற்றை வாங்கினார்கள், மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து பாரத்தைக் குறைத்தார்கள், யந்திரத்தை முடுக்கினார்கள், முரோக் என்னும் வறண்ட ஏரிப் படுகையில் பந்தயம் விட்டார்கள். இவையே பின்னால் 'ஹாட் ராட்' என்று பெயர் பெற்றன. 1937-இல் தெற்குக் காலிபோர்னியாவின் சங்கங்கள் ஒன்றுகூடி விதிகள் வகுத்துக்கொண்டன. யுத்த காலத்தில் முரோக் படுகை விமானத் தளமாகிவிட்டது. யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களிடம், ராணுவத்தில் கற்ற உலோக வேலையும் இருந்தது, வேகத்தில் மோகமும் இருந்தது. எல் மிராஜ் படுகைக்குப் போனார்கள்; 1949-இல் பானவில் உப்பு வெளிக்கும் போனார்கள். இவர்களைப் போக்கிரிகள் என்றே பத்திரிகைகளும் போலீஸாரும் கருதிய காலம் அது. வீதியில் ஓட்டியவர்களில் சிலர் அந்தப் பெயருக்குப் பாத்திரமாகவே நடந்துகொண்டார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இனி கிராதிக்கு வருவோம். மோட்டாரின் முன்புறத்தில் ரேடியேட்டர் இருக்கிறதல்லவா? அதன் மீது கல் தெறிக்காமல் காத்து, காற்றை மட்டும் உள்ளே விடுவதுதான் கிராதியின் உத்தியோகம். நம் வீட்டு ஜன்னல் கம்பி செய்கிற வேலைதான். 1932-ஆம் வருஷத்துப் போர்டு வண்டிக்கு அமைந்த கிராதியும் அதைச் சுற்றிய சட்டமும் மிக லட்சணமாக இருந்தபடியால், ஹாட் ராட்காரர்கள் 'மாடல் ஏ' வண்டிக்கும் அதே முகத்தைத் தேடி மாட்டினார்கள். எல்லோரும் அதையே தேடினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? இன்று அசல் சட்டம் அகப்படுவது அருமை. அச்சு அசலாகப் புதிதாய்ச் செய்து விற்கிறார்கள். அதற்கும் பணம் வேண்டும். கையில் காசில்லாதவன் கம்பியை வாங்கிக்கொண்டு தானே உட்கார்ந்து விடுகிறான்.

அவன் முதலில் எடுப்பது சுத்தியல் அல்ல, அட்டை. வண்டியின் திறப்பில் அட்டையை வைத்து உருவத்தை வெட்டிக்கொள்கிறான். அதைப் பலகையில் பதித்துக் கோடிட்டு, கம்பிகள் நகராமல் உட்காரக் காடி வெட்டிக்கொள்கிறான். அடுத்தபடி கணக்கு. (கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.) திறப்பின் அகலம் 14 அங்குலம், கம்பியின் கனம் கால் அங்குலம், இடைவெளி அரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கம்பிகளைவிட இடைவெளிகள் ஒன்று அதிகம். ஆகவே 18 கம்பிகளும் 19 இடைவெளிகளும் சரியாகப் பொருந்தும். கம்பிகள் நாலரை அங்குலத்தை அடைத்துக்கொள்ள, ஒன்பதரை அங்குலம் காற்றுக்கு மிஞ்சுகிறது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அழகுக்கென்று கம்பியின் கனத்தை இரட்டித்து இடைவெளியைப் பாதியாக்கினாலோ, காற்றுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இது அற்ப விஷயமன்று. அந்தப் பழைய வி-8 யந்திரத்தில், எரிந்து கழியும் புகை சிலிண்டர் கட்டைக்குள்ளேயே, தண்ணீர் சூழ்ந்த வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வெளியேறுகிறது. அதனால் தண்ணீர் வெகு சீக்கிரம் சூடேறும். வண்டி மெள்ளப் போகிறபோது விசிறி ஒன்றே கதி. முகம் மட்டும் அழகாயிருந்து மூச்சு விட வழியில்லாவிட்டால், வண்டி நடுவழியில் கொதித்து நிற்க வேண்டியதுதான்.

கம்பிகளைப் பின்புறத்தில் இரண்டு குறுக்குச் சட்டங்களோடு பற்றவைக்க வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வரிசையாகப் பற்றவைத்தால் சூட்டினால் இரும்பு நெளிந்து, கிராதி அப்பளம் போல் சுருண்டுவிடும். நடுவில் ஒரு பொட்டு, இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே ஆறவிட வேண்டும். மற்றொரு அபாயம், துத்தநாகம் பூசிய குழாய். மலிவாயிருக்கிறதே என்று அதை அப்படியே பற்றவைத்தால், எழும் புகையைச் சுவாசித்தவனுக்குக் குளிரும் காய்ச்சலும் காணும். பூச்சில்லாத கம்பியை வாங்குவதே உசிதம்.

பளபளப்புக்குக் குரோமிய முலாம் பூசுவது வழக்கம். நல்ல முலாம் என்றால் செம்பு, நிக்கல், குரோமியம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும். செலவு கம்பியின் விலையைப் போல் பல மடங்காகும். சிக்கனக்காரன் துருப்பிடியாத எஃகுக் கம்பியை வாங்கி, முரட்டு உப்புக்காகிதத்தில் தொடங்கிப் படிப்படியாக மெல்லியதற்கு வந்து, கடைசியில் துணிச் சக்கரத்தில் மெருகேற்றிக்கொள்கிறான். கை வலிக்கும், பணம் மிஞ்சும். வெறும் கறுப்பு வர்ணம் அடித்தாலும் என் அபிப்பிராயத்தில் குறைவில்லை.

பெரிய வண்டிகளின் உருவத்தை மாற்றியமைத்தவர்கள் வேறு வழி கண்டார்கள். 1953-ஆம் வருஷத்து செவ்ரோலே வண்டியின் கிராதியில் மூன்று பற்கள். 1954-ஆம் வருஷத்து வண்டியில் ஐந்து. கிடங்கில் கிடக்கும் இன்னொரு வண்டியின் பற்களைக் கழற்றி, தங்கள் வண்டிக்கு ஏழாகவும் ஒன்பதாகவும் கூட்டிக்கொண்டார்கள். டி ஸோட்டோ வண்டியின் பல்வரிசை மெர்குரி வண்டியின் வாயில் ஏறியது. அதற்கும் வகையில்லாதவன்தான் கம்பி வலைத் தகட்டை வெட்டி முகத்தில் பொருத்தி, கண்ணுக்கு ஒன்றாக இழுப்பறைக் குமிழை வைத்துத் திருகினான். ஒரு குமிழுக்கு ஒரு திருகாணி போதும். பற்றவைக்கும் வேலையே இல்லை. ஒன்று உடைந்துபோனால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வருவான்.