கறை ஓரிடம், கசிவு வேறிடம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டு பாத்ரூம் கூரையில் தட்டளவு ஈரம் படர்ந்தால் போதும், இரண்டு வீட்டின் உறவும் கசக்கத் தொடங்கிவிடும். "உங்க பாத்ரூம்தான் சார் ஒழுகுது" என்று கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். "எங்க வீட்ல ஒரு சொட்டுகூட வெளியே காணோமே" என்பார் மேல்வீட்டுக்காரர். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மை. பிளம்பர் வந்து, கறைக்கு நேர் மேலே இருக்கும் டைல்ஸை உடைப்பார். அங்கே குழாய் நன்றாகவே இருக்கும்.

காரணம், டைல்ஸுக்கு அடியில் இருக்கும் பள்ளம். நம் ஊர் ஃபிளாட்டுகள் பலவற்றில் பாத்ரூம் பகுதியின் ஸ்லாபை மட்டும் ஓர் அடி, ஒன்றரை அடி இறக்கிப் போடுவார்கள். 'சங்கன் ஸ்லாப்' என்பது இதுதான். கழிவுக் குழாய்களை அதற்குள் ஓட்டி, மேலே செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்பி, டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். எந்த மூலையில் கசிந்தாலும் தண்ணீர் முதலில் இந்தப் பள்ளத்தில் தேங்கும். செங்கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு கான்கிரீட் எங்கே பலவீனமோ அங்கே வெளியேறும்: குழாய் துளைத்துப் போன இடம், மெல்லிய விரிசல், சில நேரம் ஸ்லாபுக்குள் புதைத்த ஒயர் பைப். பாத்ரூமில் கசியும் தண்ணீர் ஹாலில் லைட் மாட்டிய இடத்தில் சொட்டுவது இப்படித்தான். அப்போது கசிவைத் தேடுவதற்கு முன் அந்த லைனின் சுவிட்சை மெயின் போர்டில் அணைத்துவிட வேண்டும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் 'எங்கே நனைகிறது' என்பதைவிட 'எப்போது நனைகிறது' என்றே முதலில் விசாரிப்பார்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் இரவும் பகலும் அழுத்தம் இருக்கும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தரும். எனவே அந்த லைனில் ஓட்டை என்றால், வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போனாலும் ஒழுகல் நிற்காது. கழிவுக் குழாயோ, டைல்ஸ் இடுக்கோ என்றால் புழங்கும்போது மட்டும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தலைகாட்டினால் வெளிச்சுவர் விரிசலைத்தான் பார்க்க வேண்டும். பென்சிலால் கறையைச் சுற்றி ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தால், அது வளர்கிறதா என்ற வாக்குவாதமே எழாது.

அடுத்தது ஒவ்வொன்றாக விலக்குவது. மாடியில் அந்த பாத்ரூமுக்கான கேட் வால்வை மூடிப் பார்க்கலாம். ஆனால் பள்ளத்துச் செங்கலில் ஊறிய நீர் அதற்குப் பிறகும் சில நாள் சொட்டும் என்பதால், மறுநாளே தீர்ப்புச் சொல்வது தவறு. இதைவிட நம்பகமானது பிரஷர் டெஸ்ட்: எல்லா வாய்களையும் அடைத்து, கைப்பம்பால் லைனில் அழுத்தம் ஏற்றிவிட்டு மீட்டர் முள்ளைக் கவனிப்பார்கள். முள் இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது. தரையைச் சோதிக்க, தரைத் தண்ணீர் வடியும் வாயான நஹானி ட்ராப்பைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிவைப்பது உண்டு. அப்போது கீழே ஈரம் கூடினால் டைல்ஸ் இடுக்கும் அதன் அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சும் சந்தேகத்துக்குரியவை. கூடாவிட்டால், அடைப்பை எடுத்துத் தண்ணீரை ட்ராப்பில் விட்டுப் பார்க்க வேண்டும்.

ஃப்ளஷ் டேங்க் கசிவு சத்தமில்லாமல் மாடித் தொட்டியையே காலி செய்யும். அதைப் பிடிக்கச் சமையலறையிலேயே மருந்து உண்டு. டேங்கில் ஒரு சிட்டிகை கேசரி கலர் போட்டு, பத்து நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால், கசிவிருந்தால் கோப்பையில் நிறம் இறங்கிவிடும்.

வெப்பத்தைப் படமெடுக்கும் கேமராவோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேமராவுக்குத் தண்ணீர் தெரியாது, சூடும் குளிர்ச்சியும்தான் தெரியும். கீசர் லைனில் சுடுநீரை ஓடவிட்டுப் பார்க்கும்போது அது நன்றாக உதவும். மற்ற இடங்களில் அது காட்டும் குளிர்ந்த திட்டு ஒரு துப்பு மட்டுமே.

எதிர்பாராத குற்றவாளிகளும் உண்டு. டவல் ராடு மாட்டத் துளையிட்டபோது குழாயில் ஏறிய ஸ்க்ரூ, அந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு பல வருடம் சும்மா இருக்கும். அது துருப்பிடித்த பிறகுதான் சுவர் நனையும். பக்கத்து அறை ஏசியின் டிரெய்ன் பைப் அடைத்துக்கொண்டு, பழி பாத்ரூம்மேல் விழுவதும் சகஜம்.

இடம் தெரிந்த பிறகு உடைத்துச் சரிசெய்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட்டை இன்னொரு முறை செய்யச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறவிடுவது இதைத்தான். பக்கத்தில் அளவு டேப் வைத்துக் குழாய்களைப் போட்டோ எடுத்துவைப்பதும் நல்லது. கீழ்வீட்டுக் கூரைக்கு உடனே பெயிண்ட் அடிக்கக் கூடாது. கான்கிரீட் காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.