தண்ணீர்ப் பந்தலும் குப்பை மேடும்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறி இறங்கும் பக்தர்களின் பசியையும் தாகத்தையும் தீர்ப்பவை தண்ணீர்ப் பந்தல்களே. அன்னதானத்தின் மேன்மையைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால், வாழையிலையிலும் எவர்சில்வர் குவளையிலும் வழங்கப்பட்டவை பிற்காலத்தில் பாலிஸ்டைரின் தட்டுக்கும் பிளாஸ்டிக் குவளைக்கும் மாறின. இலை விரைவில் மக்கி மண்ணாகிவிடும். பாலிஸ்டைரினோ எளிதில் மக்காது. துகள் துகளாக உடைந்து, மழைநீரோடு கால்வாயில் இறங்கி ஆற்றைச் சேரும்.

சிலாங்கூர் மாநிலம் 2017ஆம் ஆண்டில் உணவுப் பொட்டலத்துக்குப் பாலிஸ்டைரினைத் தடை செய்தது. பிளாஸ்டிக் பைக்கு 20 காசு கட்டணமும் விதித்தது. அதன் இடத்தில் வந்த பிளாஸ்டிக் பெட்டிகளும் ஒரு வேளை உணவோடு வீசப்படுபவைதாமே! வெறுங்காலுடன் காவடி சுமந்து வருவோர் மிதித்து நடப்பதும் இவற்றைத்தான். பந்தலுக்கு உபயம் எழுதும்போதே துப்புரவுச் செலவையும் சேர்த்து எழுதும்படி உபயகாரர்களை ஆலய நிர்வாகங்கள் கேட்டுக்கொள்ளலாம்.