இராயபுரத்து ராபின்சன் பூங்கா

காட்டூர், பழவேற்காடு முதலிய ஏரிக்கரை ஊர்களிலிருந்து மீஞ்சூர், திருவொற்றியூர் மார்க்கமாகச் சென்னைக்குப் போகிறவர்களில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அறியாதவர் இல்லை. ஆனால் அதற்குச் சமீபத்தில், இராயபுரத்தின் நெருக்கமான வீதிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பூங்கா தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் பெற்றிருக்கும் ஸ்தானத்தை நினைத்துப் பார்ப்பவர் சிலரே. ராபின்சன் பூங்கா என்று முன்னாளில் வழங்கிய அந்த இடத்துக்கு இன்று அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர்.

இராயபுரம் உழைப்பாளிகளின் பிரதேசம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. துறைமுகக் கூலிகளும், மீனவரும், படகோட்டிகளும், ரயில்வே தொழிலாளரும் சிறு வீடுகளில் நெருங்கி வாழ்ந்த அப்பகுதியில், மாலை வேளையில் சற்றே காற்று வாங்கவும், குழந்தைகளை ஓடவிடவும், நாலு பேர் கூடி நாட்டு நடப்பைப் பேசவும் ஒரு திறந்த வெளி இருந்தது என்பது அற்ப விஷயமன்று.

1949 செப்டம்பர் 17 அன்று பவழக்காரத் தெருவிலுள்ள ஒரு வீட்டில் கூடி, பெரியாரின் திராவிடர் கழகத்தினின்றும் விலகிப் புதிய இயக்கம் ஒன்றைத் தோற்றுவிக்க முடிவு செய்த அண்ணாவும், நெடுஞ்செழியன், சம்பத், மதியழகன், என்.வி. நடராசன் முதலானோரும், மறுநாள் அதனை ஜனங்களுக்கு அறிவிக்கத் தேர்ந்தெடுத்தது ராபின்சன் பூங்காவையே. அன்று மழை கொட்டியது; கூட்டம் கலையவில்லை. அங்கே அறிமுகமான திராவிட முன்னேற்றக் கழகம் 1967-இல் ஆட்சிக்கு வந்ததும், இராஜ்யத்தின் பெயரே 1969-இல் தமிழ்நாடு என்று மாறியதும் யாவரும் அறிந்தவை. அக்கட்சியின் கொள்கைகளை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். இவ்வளவு பெரிய அரசியல் மாறுதலின் முதல் மேடை ஒரு பேட்டைப் பூங்காவில் அமைந்தது என்பதை மறுக்க இயலாது.

ராபின்சன் பூங்காக் கூட்டத்துக்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே, மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே முதல் தேதியன்று, இந்தியாவிலேயே முதன்முறையாக, தொழிலாளர் தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். மாளிகையும் மண்டபமும் வசதியுள்ளவர்க்கு எப்போதும் கிடைக்கும்; ஏழைகளின் குரலுக்கோ மணற்பரப்பும் பூங்காவுமே மண்டபம்.

ஆனால் திறந்த வெளி தானாகவே நிலைத்துவிடுவதில்லை. 1859-இல் சென்னைக்குக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியால் 116 ஏக்கர் விஸ்தீரணத்தில், குளங்களோடும் பாதைகளோடும் அமைந்த மக்கள் பூங்கா என்ன ஆயிற்று? மூர் மார்க்கெட்டும், ரிப்பன் கட்டடமும், விளையாட்டு அரங்கமும் ஒவ்வொன்றாக அதில் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணமும் சொல்லப்பட்டிருக்கும். முடிவில் எஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்ற துண்டு நிலமே. அத்துணை பெரிய பூங்காவுக்கு இக்கதி நேர்ந்ததென்றால், பேட்டைகளின் சிறு பூங்காக்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

பழவேற்காட்டு ஏரியில், இன்று இன்னார் வலை, நாளை இன்னார் வலை என்று முறைவைத்துப் பொது நீரைப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையைப் பரம்பரையாகக் காத்துவரும் நம்மவர்க்குப் பொதுச் சொத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏரியில் ஒருவர் பாட்டில் மற்றவர் வலை வீசினால் ஊர் கேட்கும். பூங்காவில் ஒரு சுவர் எழுந்தால் கேட்பார் யார் என்பதே என் கவலை. இராயபுரத்துப் பூங்காவில் மரமும் நடைபாதையும் குழந்தைகள் விளையாடும் இடமும் தவிர வேறு எந்தக் கட்டடத்துக்கும் இடம் தரலாகாது என்று சென்னை மாநகராட்சியை வேண்டிக்கொள்கிறேன். மீன் விற்கக் காசிமேட்டுக்குப் போகும் அன்பர்களே, நீங்களும் அடுத்த முறை வேலை முடிந்ததும் அங்கே சென்று, சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.