மடியில் கனம்

"மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்" என்பது நம் முன்னோர் வாக்கு. பொன்னையும் பணத்தையும் மடியில் முடிந்துகொண்டு கால்நடையாய் யாத்திரை செய்த நாளில் பிறந்த வசனம் அது. அதற்கு நேர்மாறாக, மடியில் ஒரு கனம் இருந்தால் வழியில் பயம் நீங்கும் என்று வாதிப்போர் இன்று நம் நகரத்தில் தோன்றியிருக்கின்றனர். அவர்கள் சொல்லும் கனம் கைத்துப்பாக்கி.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும், அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையையோ பெண்ணையோ உடைய குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. சில மாத காலம் அங்கே தங்கித் திரும்பும் பெரியவர்கள் கண்டு வந்த புதுமைகளைச் சொல்லும்போது இதனையும் சொல்கின்றனர். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் கறிகாய் வாங்கக் கடைக்குப் போகும் சாதாரண மனிதன்கூடக் காற்சட்டைக்குள்ளே கணுக்காலில் உறை ஒன்றைக் கட்டி, அதில் சிறு துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போகலாமாம்; அருகில் நிற்பவனுக்கு அது தெரியவே தெரியாதாம். "யோக்கியர்கள் கையிலும் துப்பாக்கி இருந்தால் சங்கிலி பறிப்பவனுக்கும் பூட்டை உடைப்பவனுக்கும் பயம் இராதா?" என்று அவர்கள் கேட்கின்றனர். கேட்பவர்கள் துஷ்டர்கள் அல்லர். தனியாக வசிக்கும் முதியவர்களும், இரவில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்களைப் பெற்றவர்களுமே இதைக் கேட்கின்றனர். ஆகவே, இக்கேள்வியைப் பரிகசித்துத் தள்ளுவது முறையாகாது. நியாயமாக விசாரித்தே விடை கூற வேண்டும்.

முதலில் சட்டத்தின் நிலையைக் கவனிப்போம். டெக்ஸாஸில் 2021-ம் வருஷம் செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பியவர், வேறு சட்டத் தடை இல்லாதவராயின், லைசென்ஸ் இன்றியே கைத்துப்பாக்கியுடன் நடமாடலாம். அமெரிக்க ராஜ்யங்களில் பாதிக்கு மேற்பட்டவை இன்று இவ்விதமே அனுமதிக்கின்றன. 1791-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம், வீட்டுக்கு வெளியே ஆயுதம் தரிப்பதையும் பாதுகாக்கிறது என்று 2022 ஜூனில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

நமது நிலை வேறு. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். சென்னை நகரில் லைசென்ஸ் வழங்கும் அதிகாரி போலீஸ் கமிஷனர். 2019-ம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. லைசென்ஸ் பெற்றவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டுசெல்லும் விதத்தையும் 2016-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன: அது உறையில் இருக்க வேண்டும், முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும், கொண்டுசெல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், பொது இடத்தில் அதை எடுத்துக் காட்டி மிரட்டலாகாது. ஆகவே மறைத்து வைப்பது நம் நாட்டில் குற்றமன்று; லைசென்ஸ்தாரருக்கு அது கடமையுங்கூட. ஜனங்கள் மிரளாமல் இருப்பதற்காக ஏற்பட்ட விதி இது. லைசென்ஸ் எளிதில் கிடைக்க வேண்டுமா, கூடாதா என்பதே இப்போது எழுந்துள்ள பிரச்னை.

எதிர்க்கட்சியின் வாதத்தில் நம்மைத் தயங்கச் செய்யும் அம்சம் ஒன்று உண்டு. அது நமது தேசீய இயக்கத்தின் சொந்தச் சரித்திரமே. 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபுவின் சர்க்கார் ஆயுதச் சட்டத்தைக் கொணர்ந்தபோது, வெள்ளையருக்கு விலக்கு அளித்து இந்தியரை மட்டும் நிராயுதபாணிகளாக்கினர். அந்த அவமானம் நம்மவர் மனத்தை அறுத்தது. 1887 டிசம்பரில் இச்சென்னை மாநகரிலேயே, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ், அச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் செய்தது. 1931-ல் கராச்சி காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. "உங்கள் தலைவர்களே கேட்ட உரிமைதானே?" என்று ஒருவர் கேட்டால், ஆம் என்றே நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் சரித்திரம் கராச்சியோடு முடிந்துவிடவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹெச்.வி. காமத் அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அந்நிய ஆட்சியில் அக்கோரிக்கைக்கு இருந்த காரணம் மாறிவிட்டது என்பதும், ஒவ்வொருவரும் கடைக்குப் போய்த் தடையின்றி ஆயுதம் வாங்கலாம் என்றால் எந்த சர்க்காரும் நிர்வாகம் நடத்த முடியாது என்பதும் அவருடைய பதிலின் சாரம். சபை திருத்தத்தை நிராகரித்தது. நமது அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்தில், கூட்டம் கூடும் உரிமையை விவரிக்கும் இடத்தில் 'ஆயுதம்' என்ற சொல் வருகிறது. எவ்வாறு வருகிறது? அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை என்று வருகிறது. அடிமையாயிருந்தபோது ஆயுதம் கேட்ட தேசம், சுதந்திரம் பெற்றபின் தன் இஷ்டத்தினாலேயே அதைக் கீழே வைத்தது. இவ்விரண்டிலும் முரண்பாடு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அந்நியன் நம்மை நம்பாமல் பறித்தது அவமானம். நாம் ஒருவரையொருவர் நம்பி விலக்கியது நாகரிகம்.

அவ்விவாதம் நடந்த வருஷத்தின் தொடக்கத்தில் நேர்ந்ததை எந்த இந்தியனும் மறக்க முடியாது. ஜனவரி 20-ல் பிர்லா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு, பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதிக்கப் போலீஸார் விரும்பினர். காந்தியடிகள் இணங்கவில்லை. பத்து நாட்கள் கழிந்து, ஜனவரி 30-ம் தேதி மாலை, கைகூப்பி நின்ற ஜனங்களிடையே ஒருவன் மறைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியினால் மூன்று முறை சுட்டான். மறைந்திருக்கும் துப்பாக்கிக்கு முதலில் பலியாவது, பக்கத்தில் நிற்பவன் யோக்கியன் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை இல்லையேல் கோயிலும் கடைவீதியும் கூட்டமும் இல்லை.

டில்லியை விட்டு நம் தெருவுக்கே வருவோம். இன்று அகன்ற நடைபாதையும் மர நிழலும் குழந்தைகள் விளையாட இடமுமாக விளங்கும் பாண்டி பஜாரில், 1982-ம் வருஷம் மே மாதம் 19-ம் தேதி துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சுட்டுக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழ் இயக்கத்தினரான வேலுப்பிள்ளை பிரபாகரனும் உமாமகேஸ்வரனும். ஒரு காலத்தில் ஒரே இயக்கத்தில் தோளோடு தோள் நின்று பின்னர் பகைத்தவர்கள் அவர்கள். பஜாரில் எதிர்பாராமல் எதிர்ப்பட்டனர். மறைத்து வைத்திருந்த துப்பாக்கிகள் வெளிவந்தன. உமாமகேஸ்வரனுடன் வந்தவர் குண்டடிபட்டார். பிரபாகரன் அங்கேயே பிடிபட்டார். உமாமகேஸ்வரன் சில நாட்களில் கும்மிடிப்பூண்டியில் பிடிபட்டார். இருவரும் பிறகு நிபந்தனை ஜாமீனில் விடப்பட்டனர். அவர்களுடைய அரசியலை இங்கே நாம் ஆராயவில்லை. நாம் கேட்பது ஒன்றே: ஆயுதப் பயிற்சியும் துணிவும் உடைய அவ்விருவரில் எவரையாவது அந்தத் துப்பாக்கி காப்பாற்றியதா? வெறுங்கையராய்ச் சந்தித்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். வாய்ச்சண்டையோ கைகலப்போ நேர்ந்திருக்கலாம். துப்பாக்கி இருந்தமையால் அந்த வழிகள் அடைபட்டன. புடவை வாங்க வந்தவர்களும் பூ விற்பவர்களும் நிறைந்த வீதி ஒரு கணத்தில் போர்க்களமாயிற்று.

"அவர்கள் போராளிகள், நாங்கள் சம்சாரிகள்" என்று சொல்லலாம். அப்படியாயின் 1967-ஐ நினைவுகூருவோம். அவ்வருஷம் ஜனவரி 12-ம் தேதி ராமாவரத்தில் எம்.ஜி. ராமச்சந்திரனின் இல்லத்திற்கு, ஒரு படத்தயாரிப்பாளருடன் எம்.ஆர். ராதா சென்றார். இருவரும் பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். பேச்சு முடிவதற்குள் துப்பாக்கி வெடித்தது, எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதாவின் உடலிலும் பாய்ந்தது. இருவரும் பிழைத்தது வைத்தியர்களின் திறமை. ராதாவுக்கு விசாரணைக் கோர்ட்டு 7 வருஷ தண்டனை விதித்தது. எம்.ஜி.ஆரின் குரல் பழைய தெளிவை மீண்டும் பெறவேயில்லை. கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படம் அவ்வருஷத் தேர்தலில் தமிழ்நாடு முழுதும் ஒட்டப்பட்டதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். தமிழகம் அறிந்த இருவரிடையே, ஒரு வீட்டுக் கூடத்தில் இது நேர்ந்தது. கோபம் யாருக்கும் வரும். வந்த கோபம் பெரும்பாலும் தணிந்தும் போகும். தணிவதற்கு வேண்டிய அந்தச் சில விநாடிகளை ஆயுதம் தருவதில்லை.

இனி, கணுக்கால் உறையின் உபயோகத்தையும் பார்த்துவிடுவோம். வேட்டி கட்டியவருக்கு அது மறையாது. முழுக்காற்சட்டை அணிந்தவர், ஆபத்து வந்த வேளையில் குனிந்து, காற்சட்டையை மேலே இழுத்து, உறையின் பட்டியை விடுவித்துத் துப்பாக்கியை எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் வருபவன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு தெருமுனையைக் கடக்க அவ்வளவு நேரம் வேண்டாம். அதன்பின் சுட்டால் குண்டு யாரைத் தேடும்? ரங்கநாதன் தெருவின் நெரிசலில் குறி தப்பாமல் சுட எந்த வீரனால் முடியும்? டில்லியில் 2012-ல் நேர்ந்த கொடுமைக்குப் பின், 2014-ல் கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற சிறு ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம். விலை லட்ச ரூபாய்க்கு மேல். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண் இவ்விலைக்கு எங்கே போவாள்? அவளுக்கு வேண்டியவை எரியும் விளக்கும், நேரத்தில் வரும் பஸ்ஸும், அழைத்தால் வரும் போலீஸும் அல்லவா?

வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியும் திருடனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் ஆண்டுதோறும் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பரீட்சையில் தோற்ற பையனும், கடனில் ஆழ்ந்த குடும்பத் தலைவனும் நம் வீடுகளிலும் உண்டு. அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் எதை வைக்கப்போகிறோம் என்று ஒவ்வொரு குடும்பமும் யோசிக்கட்டும்.

அப்படியானால் உண்மையில் உயிருக்கு ஆபத்து உள்ளவன் கதி என்ன என்ற ஆட்சேபம் எழலாம். தற்காப்பு உரிமையை நமது சட்டம் மறுக்கவில்லை. பாரதீய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைத் தெளிவாக அங்கீகரிக்கின்றன. மெய்யான அச்சுறுத்தல் உள்ளவருக்கு, தக்க விசாரணைக்குப் பின் லைசென்ஸ் அளிப்பதையும் நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த விசாரணை செல்வாக்குக்கு இணங்காததாக இருக்க வேண்டும். செல்வமும் சிபாரிசும் உள்ளவருக்குத் துப்பாக்கி ஓர் ஆபரணமாகவும், அச்சுறுத்தப்படும் எளியவருக்கு அது எட்டாக் கனியாகவும் இருக்குமானால், சட்டத்தின் மீது ஜனங்களுக்குள்ள மதிப்பே குலையும். ஒவ்வொரு வருஷமும் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எக்காரணங்களுக்காக என்ற கணக்கை, பெயர்களை விட்டு, சர்க்கார் தாமே பிரசுரிக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தேடிப் பறிமுதல் செய்வதில் தளர்ச்சி கூடாது. யோக்கியனை நிராயுதபாணியாக இருக்கச் சொல்லும் அரசாங்கம், அயோக்கியன் கையிலுள்ளதைப் பறிக்கவும் கடமைப்பட்டது. அதில் தவறினால் அது தன் வாக்குறுதியில் தவறியதாகும். அப்போது கணுக்கால் உறையைக் கேட்பவர்களைக் குறைகூற நமக்கு வாய் இராது.

மாடவீதியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று லட்சக்கணக்கான ஜனங்கள் ஒருவர் தோளை ஒருவர் உராய்ந்துகொண்டு நிற்கின்றனர். முன்பின் அறியாதவன் தோளில் ஏறி நின்று குழந்தை ஸ்வாமி பார்க்கிறது. பக்கத்தில் இருப்பவன் காலில் என்ன கட்டியிருக்கிறான் என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. அந்த அபயத்தைக் காப்பதற்கே நாம் சட்டத்தையும் போலீஸையும் சர்க்காரையும் வைத்திருக்கிறோம். அதற்கே வரியும் செலுத்துகிறோம். மடியில் கனமின்றி அவ்வீதியில் நடக்கும் உரிமையையே நம் மக்கள் கேட்க வேண்டும். அதை அளிப்பதே சர்க்காரின் கடமை.