மழையைக் கணக்கிட்டவர், மானுடத்தைப் பாடியவர்

நடு அந்தமானின் ரங்கத் பகுதியிலிருந்து படகேறினால் லாங் ஐலண்டை அடையலாம். காடும் கடலும் சூழ்ந்த அச்சிறு தீவின் பிள்ளைகள் கல்லூரியில் சேரக் கடல் கடந்தாக வேண்டும். ஆகவே அங்கிருந்து வரும் கல்விக் கடன் விண்ணப்பம் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் பெரிய முடிவு இருக்கிறது.

அத்தீவைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று மகனின் பொறியியல் படிப்புக்காக எங்களை அணுகியது. படிவத்தை நிரப்பி முடித்ததும் தந்தை சொன்னார்: "இவன் கவிதை எழுதுவான் சார். இனிமேல் அதையெல்லாம் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்." மகன் தலைகுனிந்து நின்றான். அவ்விருவருக்கும் நாங்கள் எடுத்துச் சொன்ன வாழ்க்கை, முனைவர் வா. செ. குழந்தைசாமியினுடையது.

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் கோடையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு ஏற்படுவதுண்டு. பெய்த நீரில் பெரும்பகுதி விரைந்தோடிக் கடலில் கலந்துவிடுகிறது. பெய்யும் மழையில் எவ்வளவு, எந்த வேகத்தில் வெள்ளமாகும் என்பதே நீரியல் அறிஞரான குழந்தைசாமி ஆராய்ந்த கேள்வி. வங்கிக் கணக்கில் வரவு, இருப்பு, செலவு என்று நாம் பார்ப்பதைப் போல, வடிநிலம் ஒன்று மழையைப் பெற்று, சிறிது நேரம் தேக்கி, பின்பு வெளிவிடுவதை அவர் கணிதச் சமன்பாட்டில் அமைத்தார். கரூர்ப் பகுதிச் சிற்றூரில் 1929-இல் பிறந்த அவர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1964-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இப்பொருள் பற்றியதே. அவர் அமைத்த நீரியல் மாதிரி அவர் பெயராலேயே வழங்குகிறது.

அதே மனிதர் 'குலோத்துங்கன்' என்னும் புனைபெயரில் கவிஞராகவும் விளங்கினார். மனித இனத்தின் நெடும்பயணத்தைப் பொருளாகக் கொண்டு 'மானுட யாத்திரை' என்னும் காவியத்தைப் படைத்தார். அறிவியல் அவருடைய கவிதைக்குப் பகையாகவில்லை, பாடுபொருளாயிற்று. இன்று பெய்யும் மழையிலிருந்து நாளைய வெள்ளத்தைக் கணிப்பது நீரியல். இதுவரை கடந்து வந்த வழியிலிருந்து மனிதன் இனி எங்கே செல்வான் என்று எண்ணிப் பார்ப்பது அவருடைய கவிதை. இரண்டுக்கும் தேவை, கண்டதைக் கொண்டு காணாததை எண்ணும் ஆற்றலே.

பணிச்சுமையும் அவருடைய எழுத்தைத் தடுக்கவில்லை. 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அக்காலத்திலேயே, 1988-இல், 'வாழும் வள்ளுவம்' நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பின்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை வழிநடத்தினார். தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் நிறுவனத் தலைவராகவும் பணியாற்றினார். 2002-இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்தது. 2016-இல் மறைந்தார்.

தந்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் நோட்டை எடுத்துப் போகட்டும்" என்றார். மகன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

கல்விக் கட்டணம், விடுதிச் செலவு, நூல்கள் ஆகியவற்றுக்குக் கடன் உண்டு. ஒரு கவிதை நோட்டுக்குக் கடன் தேவையில்லை. வாடிக்கையாளப் பெற்றோர்களே, பிள்ளைகளின் பெட்டியை அடுக்கும்போது அதற்கும் சிறிது இடம் விடுங்கள்.