அண்டை நாட்டவர் என்ற சந்தேகமும் நம் பொறுப்பும்



சென்ற ரமலானில் மளிகைத் தொகுப்புக்காக நம் அறக்கட்டளையில் பெயர் பதிந்தபோது ஆதார் நகல் கேட்டோம். பாடியில் கம்பெனி வேலை பார்க்கும் வங்காள மொழி பேசும் சகோதரர் ஒருவர் கார்டை நீட்டினார். முர்ஷிதாபாத் முகவரி. வரிசையில் நின்ற நம்மவர் ஒருவர், "இவங்கல்லாம் பங்களாதேஷ்காரங்க பாய், காசு கொடுத்தா கார்டு கிடைக்கும்" என்றார். அந்தச் சகோதரருக்குத் தமிழ் ஓரளவு புரியும். கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் தங்கியிருந்த அறைக்கே பொருளைக் கொண்டுபோனோம், வாங்க மறுத்துவிட்டார். அந்த வரிசையின் முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள் யாரும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறோம்.

பிறந்த மண்ணை நேசிப்பது இயல்பு. மக்காவை விட்டுப் புறப்பட்டபோது ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எவ்வளவு வேதனைப்பட்டார்கள் என்பதை நாம் அறிவோம். தேசியவாதம் என்பது வேறு. மொழியையோ மதத்தையோ இனத்தையோ அடையாளமாக வைத்து, 'இவர் நம்மவர், இவர் அந்நியர்' என்று அது கோடு போடுகிறது. காலத்துக்குக் காலம் அந்தக் கோடு இடம் மாறும். அதோடு சேர்ந்து நம் பார்வையும் மாறிவிடும்.

இதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். 1987க்குள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துவிட்டனர். 'தொப்புள்கொடி உறவு' என்று தமிழகம் அவர்களை வரவேற்றது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் அதே மக்கள் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். முகாம்களில் கெடுபிடி கூடியது, பிள்ளைகளின் படிப்புக்குத் தடை வந்தது, வாடகைக்கு வீடு கிடைப்பது அரிதானது. 1992இல் பலர் திருப்பி அனுப்பப்பட்டனர். குற்றம் செய்தவர்கள் சிலர். சந்தேகமோ முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த எல்லோர் மீதும் விழுந்தது. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நமக்கு அருகிலுள்ள புழல் காவாங்கரையிலும் அப்படி ஒரு முகாம் இருக்கிறது. அங்கே இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார்கள்.

மொழியை வைத்துப் போட்ட கோடும் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட இலங்கையிலிருந்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினர். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். அவர்களுக்கும் தாய்மொழி தமிழ்தான். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் அவகாசம் தந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர்.

மதத்தை வைத்துப் போட்ட கோடு 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பவுத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்கு அது வழி திறந்தது. முஸ்லிம்கள் அதில் இல்லை. இலங்கை என்ற நாடே அதில் இல்லை. ஆகவே நம் முகாம்களில் வாழும் இந்துத் தமிழருக்கும் அதனால் பயனில்லை.

இனி அந்த முர்ஷிதாபாத் சகோதரருக்கு வருவோம். 1947 பிரிவினையில் வங்காளம் இரண்டானது. மொழி இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் மட்டும் சுமார் இரண்டரைக் கோடி முஸ்லிம்கள் இருக்கிறார்கள். எல்லோரும் நம்மைப் போல இந்தியர்கள். வங்காளம் பேசும் முஸ்லிம் என்றாலே வங்கதேசத்தவர் என்றால், தமிழ் பேசுவோர் அனைவரும் யாழ்ப்பாணத்தவர் ஆகிவிடுவார்கள். டெல்லியிலோ மும்பையிலோ வேலை செய்யும் நம் பிள்ளையைப் பேச்சையும் பெயரையும் வைத்து ஒருவர் அப்படிச் சொன்னால் நம் மனம் என்ன பாடுபடும்?

"உண்மையிலேயே எல்லை தாண்டி வந்தவராக இருந்தால்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதை விசாரித்து முடிவு செய்ய அரசும் நீதிமன்றமும் இருக்கின்றன. பொய் ஆவணம் எடுக்க நாம் யாருக்கும் துணைபோகக் கூடாது. அதே நேரத்தில், மளிகை வாங்க நிற்கும் வரிசையில் நின்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் நமக்கு இல்லை.

வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைக்கு விடுமுன் அடையாள ஆவணம் வாங்குங்கள், காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். அது எல்லா வாடகைதாரருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். மொழியைக் கேட்டவுடன் கதவைச் சாத்தாதீர்கள்.

அறக்கட்டளையிலும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் ரமலானில் சதகா நிதியிலிருந்து தரும் மளிகைத் தொகுப்புக்கு ஆதார் கேட்கப் போவதில்லை. பெயர், தங்குமிடம், வீட்டில் எத்தனை பேர் என்பது மட்டும் போதும். வங்காளமோ இந்தியோ தெரிந்த இளைஞர்கள் பெயர் பதியும் நாட்களில் வந்து உதவினால் நன்றாக இருக்கும்.

நம் முன்னோரும் அண்டை நாட்டில் தஞ்சம் கேட்டு நின்றவர்களே. மக்காவிலிருந்து ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களைத் திருப்பி ஒப்படைக்கும்படி குறைஷிகள் பரிசுப் பொருட்களோடு நஜ்ஜாஷி மன்னரிடம் போனார்கள். கிறிஸ்தவரான அந்த மன்னர், வந்தவர்களை அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்காமல் முடிவு செய்ய மறுத்தார். கேட்டபின் அடைக்கலம் கொடுத்தார். அந்தச் சகோதரரிடம் நாங்கள் அன்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை விசாலமாக்குவானாக. ஆமீன்.