பழைய யூஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு டிரைவர் தேடுவது எப்படி?

போன மாசம் வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தி பொண்ணு போன் பண்ணினா. "அண்ணா, லேப்டாப்ல வைஃபை போயிடுச்சு. திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ." வீட்டில் பழைய யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒண்ணு கிடந்திருக்கு. மேலே பெயர் இல்லை, சிடி தொலைஞ்சு போச்சு. நான் அவசரத்தில், "கூகுள்ல தேடி டிரைவர் போட்டுடு"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.

தப்பு என்னோடதுதான். முதல்ல வந்த 'டிரைவர் அப்டேட்டர்' ஒன்றை அவ இறக்கிட்டா. அது ஸ்கேன் பண்ணி, பயமுறுத்தி, கடைசியில் காசு கேட்டுச்சு. அதை நீக்கவே ஒரு மணி நேரம். அதனால இன்னைக்கு, நான் அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்றேன்.

முதல் விஷயம்: அடாப்டர் மேலே அச்சடிச்ச பெயரை நம்பாதீங்க. டிரைவர் வேலை செய்வது உள்ளே இருக்கும் சிப்புக்கு. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரையே எடுத்துக்கோங்க. முதல் வெர்ஷனில் ஏதெரோஸ் சிப், இரண்டாவது வெர்ஷனில் ரியல்டெக் சிப். பெயர் ஒண்ணு, டிரைவர் வேற.

அப்போ சிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு யூஎஸ்பி சாதனமும் கம்ப்யூட்டரிடம் இரண்டு எண்களைச் சொல்லும். தயாரிப்பாளரைக் குறிப்பது வெண்டர் ஐடி, பொருளைக் குறிப்பது ப்ராடக்ட் ஐடி. நம்ம வண்டியோட நம்பர் பிளேட் மாதிரி.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்க. மஞ்சள் ஆச்சரியக்குறி போட்ட சாதனத்தில் ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் போய், கீழிறங்கும் பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்க. லினக்ஸ்னா டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை போதும்.

தங்கச்சிக்கு வந்தது 148எஃப், 7601. 148எஃப் என்பது ராலிங்க் நிறுவனத்தின் எண். அந்த நிறுவனத்தை 2011-ல் மீடியாடெக் வாங்கிடுச்சு. ஆக, சிப் மீடியாடெக் எம்டி7601யூ.

அடுத்து, இன்டர்நெட் இல்லாம டிரைவரை எப்படி இறக்குறது? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. பிறகு விண்டோஸ் அப்டேட்டில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பாருங்க. பல சமயம் அங்கேயே கிடைச்சிடும். இல்லைன்னா மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அந்த ஹார்டுவேர் ஐடியைப் போட்டுத் தேடுங்க. உங்க விண்டோஸ் 64 பிட்டா என்று பார்த்து அதற்குரியதை இறக்குங்க. வரும் கேப் ஃபைலை ஒரு ஃபோல்டரில் பிரிச்சு வெச்சு, டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்க.

லினக்ஸில் இந்த சிப்புக்கான டிரைவர் 2015-ல் வந்த கெர்னல் 4.2 முதல் உள்ளேயே இருக்கு. ஆனா கூடவே ஃபர்ம்வேர் ஃபைலும் வேணும். டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் ஃபர்ம்வேர் பிழை தெரிஞ்சா, லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போடுங்க.

டிரைவர் ஏறியும் தங்கச்சிக்கு வீட்டு வைஃபை தெரியலை. மறுபடி போன். காரணம், இந்த சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அவங்க ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆன்ல இருந்துச்சு. 2.4-ஐயும் ஆன் பண்ணினதும் உடனே கனெக்ட் ஆயிடுச்சு.

ரிவ்யூ நல்லபடியா முடிஞ்சது. உங்க டிராயரிலும் இப்படி ஒண்ணு தூங்கிட்டு இருக்கும். தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு எண்ணையும் ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!